இரண்டு நிமிஷ டாக்டரும் இருபது நிமிஷ வீடியோவும்

இந்தியாவில் ஒரு நோயாளிக்காக டாக்டர் செலவிடும் நேரம் எவ்வளவு தெரியுமா?

சுமார் 2 நிமிஷம்!

இது யாரோ கோபத்தில் சொன்ன கணக்கு அல்ல. 67 நாடுகளின் விவரங்களைத் திரட்டி, 2017-ம் ஆண்டில் இங்கிலாந்து மருத்துவப் பத்திரிகை ஒன்றில் வெளியான ஆராய்ச்சியில் கண்டது. பெரிய ஆபரேஷன் டாக்டர்களைப் பற்றிய கணக்கும் அல்ல. சளி, காய்ச்சல், தலைசுற்றல் என்றால் முதலில் ஓடிப் போய்ப் பார்க்கிறோமே, அந்த டாக்டர்களைப் பற்றியது. சுவீடன் நாட்டில் ஒரு நோயாளிக்கு 22½ நிமிஷம் கிடைக்கிறது. வங்காளதேசத்தில் 48 விநாடி. நாம் அந்தக் கடைசி வரிசைக்குப் பக்கத்தில் நிற்கிறோம்.

2 நிமிஷத்தில் என்ன பேச முடியும்? நாக்கை நீட்டச் சொல்லி, ரத்தக் கொதிப்பு பார்த்து, சீட்டு எழுதினால் நேரம் முடிந்தது. "இந்த மாத்திரை எதற்கு? எத்தனை நாளைக்கு? இதைச் சாப்பிட்டால் கிட்னி கெட்டுவிடும் என்கிறார்களே, நிஜமா?" - இந்தக் கேள்விகள் எல்லாம் நோயாளியோடு வீட்டுக்குத் திரும்பி வந்துவிடுகின்றன.

வீட்டில் செல்போன் இருக்கிறது. அதில் கேள்வியைத் தட்டினால் போதும். ஒருவர் தோன்றுகிறார். நல்ல தமிழில், நிதானமாக, 20 நிமிஷம் பேசுகிறார். "பயப்படாதீங்க" என்று சிரிக்கிறார். பீஸ் கேட்பதில்லை. எரிந்து விழுவதில்லை. இரவு 2 மணிக்கும் பேசுகிறார்.

ஜனங்கள் அவரைத் தேடிப் போவதில் ஆச்சரியம் என்ன? "படிக்காதவர்கள் ஏமாறுகிறார்கள்" என்று சிலர் பேசுகிறார்கள். அது தப்பு. பி.ஏ. படித்தவர் பார்க்கிறார், எம்.ஏ. படித்தவர் பார்க்கிறார். டாக்டரின் மாமியாரும் பார்க்கிறார்!

பார்ப்பதில் குற்றம் இல்லை. ஆனால் ஒன்றைக் கேட்டுப் பார்க்க வேண்டும். அந்த 20 நிமிஷத்துக்குக் காசு கொடுப்பது யார்?

கீரியும் பாம்பும்

பழைய நாளில் சந்தைக்குப் போனவர்களுக்கு ஒரு காட்சி நினைவு இருக்கும். மரத்தடியில் ஒருவன் உடுக்கை அடிப்பான். ஒரு பக்கம் பாம்புக் கூடை. இன்னொரு பக்கம் முளையில் கட்டிய கீரி. "இதோ, இன்னும் சிறிது நேரத்தில் கீரிக்கும் பாம்புக்கும் சண்டை!" என்பான். கூட்டம் கூடும். அவன் பேசுவான். பேசிக்கொண்டே இருப்பான். நடுவில் தாயத்து வெளியே வரும். பிறகு பல்பொடி வரும். அப்புறம் மூட்டு வலித் தைலம் வரும். சண்டை மட்டும் வராது. கடைசி வரையில் வரவே வராது!

அவனுக்கு வேண்டியது சண்டை அல்ல. கூட்டம் கலையாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வீடியோவின் கணக்கும் ஏறக்குறைய இதுதான். யூடியூப் நிறுவனம் 2012-ம் ஆண்டில் தன் முறையை மாற்றியது. அதுவரை, ஒரு வீடியோவை எத்தனை தடவை திறந்தார்கள் என்பதைப் பெரிதாகப் பார்த்தது. பிறகு, எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதைப் பெரிதாகப் பார்க்கத் தொடங்கியது. ஆளை நெடுநேரம் உட்கார வைக்கிற வீடியோ எதுவோ, அதை மேலும் பலருக்கு எடுத்துக் காட்டும்.

2018-ல் இன்னொரு விதி வந்தது. விளம்பர வருமானத்தில் பங்கு வேண்டுமானால், 1,000 சந்தாதாரர்கள் இருக்க வேண்டும். 12 மாதத்துக்குள் ஜனங்கள் மொத்தம் 4,000 மணி நேரம் பார்த்திருக்க வேண்டும். அந்தப் படியைத் தாண்டியவருக்கு, அவருடைய வீடியோவில் வரும் விளம்பரப் பணத்தில் 55 சதவீதம். 4,000 மணி நேரம் கேட்டார்கள். ஐந்தரை வருஷப் படிப்பைக் கேட்கவில்லை!

அந்த விதியைக் குறை சொல்ல முடியாது. சினிமாப் பாட்டு, சமையல், நாய்க்குட்டி விளையாட்டு எல்லாவற்றுக்கும் சேர்த்துப் போட்ட விதி அது. நாய்க்குட்டி வீடியோவில் தப்பு இருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. நெஞ்சு வலி வீடியோவில் தப்பு இருந்தால்?

"கடைசி வரை பாருங்கள், ரகசியத்தைச் சொல்கிறேன்" என்று ஒருவர் ஆரம்பித்தால், அந்தக் கீரியை நினைத்துக்கொள்வது நல்லது.

எண்ணிப் பார்த்தவர்கள்

யூடியூப் பிறந்தது 2005-ல். இரண்டே வருஷத்தில் கனடா நாட்டு ஆராய்ச்சியாளர்கள், தடுப்பு ஊசி பற்றி அதில் இருந்த 153 வீடியோக்களை உட்கார்ந்து பார்த்தார்கள். ஊசியை ஆதரித்தவை 48 சதவீதம். எதிர்த்தவை 32 சதவீதம். மீதி, இரண்டும் கெட்டான். எதிர்த்தவற்றில் ஏறக்குறையப் பாதி வீடியோக்கள், அங்கீகாரம் பெற்ற மருத்துவ வழிகாட்டி நூலுக்கு நேர் விரோதமான சேதியைச் சொல்லின.

சரி, இவற்றில் எதை அதிகம் பார்த்தார்கள்? எதற்கு அதிக நட்சத்திரம் போட்டார்கள்? எதிர்த்த வீடியோக்களுக்குத்தான்!

ஏதோ தடுப்பு ஊசி விஷயத்தில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். உடல் இளைக்க வேண்டும் என்று பட்டினி கிடந்து எலும்பும் தோலுமாகிவிடும் ஒரு மனநோய் இருக்கிறது. அதைப் பற்றிய 140 வீடியோக்களை 2013-ல் ஆராய்ந்தார்கள். அவற்றில் சுமார் 29 சதவீதம், அந்தப் பட்டினியைப் புகழ்ந்து தூண்டிவிடுபவை. நல்ல சேதி சொன்ன வீடியோக்களைவிட, அந்தக் கெட்ட வீடியோக்களுக்கு மூன்று மடங்கு விருப்பம் விழுந்திருந்தது.

ஆண்களுக்கு வரும் பிராஸ்டேட் சுரப்பிப் புற்றுநோய் பற்றிய வீடியோக்களை அமெரிக்க டாக்டர்கள் ஆராய்ந்து 2019-ல் முடிவை வெளியிட்டார்கள். தேடினால் முதலில் வந்து விழும் 150 வீடியோக்கள். அவற்றில் 77 சதவீதத்தில், வீடியோவிலோ அதன் கீழே ஜனங்கள் எழுதிய குறிப்புகளிலோ, தவறான அல்லது ஒருதலைப்பட்சமான விஷயம் இருந்தது. இங்கேயும் அதே கதை. விஞ்ஞானத் தரம் குறையக் குறைய, பார்த்தவர் கணக்கு ஏறியிருந்தது.

கொரோனா வந்த நேரத்தில், 2020 மார்ச் மாதம், அதிகம் பார்க்கப்பட்ட ஆங்கில வீடியோக்கள் 69-ஐ எடுத்துப் பார்த்தார்கள். 19 வீடியோக்களில் உண்மைக்கு மாறான சேதி. அந்த 19 மட்டும் 6 கோடியே 20 லட்சம் தடவை பார்க்கப்பட்டிருந்தன. சர்க்காரும் டாக்டர்களும் போட்ட வீடியோக்கள் சரியாகத்தான் இருந்தன. ஆனால் மொத்தப் பார்வையில் அவற்றுக்குக் கிடைத்தது பத்தில் ஒரு பங்கு!

இப்படி உலகம் பூராவும் நடந்த 202 ஆராய்ச்சிகளை 2022-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 22,300 வீடியோக்கள். அவற்றின் தரம் நடுத்தரம், அல்லது அதற்கும் கீழே. டாக்டர்களும் மருத்துவ நிறுவனங்களும் போட்டவை தேவலை. தனி ஆட்கள் போட்டவை மோசம்.

ஆக, "10 லட்சம் பேர் பார்த்திருக்கிறார்களே!" என்பது ஒரு வீடியோவுக்கு நற்சாட்சிப் பத்திரம் ஆகாது. காரணம் சுலபமானது. உண்மை தயங்கித் தயங்கிப் பேசும். "பரிசோதனை செய்த பிறகுதான் சொல்ல முடியும்", "சிலருக்கு மட்டும்", "பெரும்பாலும்" என்று இழுக்கும். பொய் ஒரே போடாகப் போடும். தவிர, சர்க்கார் வீடியோ என்றால் ஒருவர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து காகிதத்தைப் பார்த்துப் படிப்பார். பாதியில் கொட்டாவி வந்துவிடும். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

திருப்பூரில் நடந்தது

2018-ம் ஆண்டு ஜூலை மாதம். திருப்பூரில் ஒரு தம்பதி, வீட்டிலேயே பிரசவம் பார்ப்பது என்று முடிவு செய்தார்கள். யூடியூப் வீடியோக்களைப் பார்த்துப் பிரசவம் பார்த்தார்கள். குழந்தை பிறந்தது, பிழைத்தது. தாய் பிழைக்கவில்லை. ரத்தம் போய்ப் போய் இறந்தார். கணவரைப் போலீசார் கைது செய்தார்கள். அடுத்த மாதம், வீட்டுப் பிரசவத்துக்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்த ஒருவர் கோவையில் கைதானார்.

நூற்றுக்கு 99 பிரசவங்களுக்கு மேல் ஆஸ்பத்திரியில் நடக்கும் மாநிலம் தமிழ்நாடு. இங்கேயா இப்படி என்று நாடே கேட்டது.

பிரசவத்தில் அபாயம் எங்கே இருக்கிறது? குழந்தை வெளியே வருகிறவரையில்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குப் பிறகு வருவதுதான் பெரிய அபாயம். குழந்தை பிறந்ததும் கருப்பை இறுகிச் சுருங்க வேண்டும். சுருங்கினால்தான், நஞ்சு பிரிந்த இடத்தில் திறந்து கிடக்கும் ரத்தக் குழாய்கள் மூடும். சுருங்காவிட்டால் ரத்தம் கொட்டும். திடகாத்திரமான பெண்ணுக்கும் இரண்டு மணி நேரத்தில் உயிர் போய்விடலாம். அதனால்தான் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்த உடனே தாய்க்கு ஆக்ஸிடோசின் என்ற ஊசியைப் போடுகிறார்கள். ரத்தம் ஏற்ற வழி செய்து வைக்கிறார்கள். வீடியோவை வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திப் பார்க்கலாம். ரத்தப் போக்கை அப்படி நிறுத்த முடியாது.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. வீட்டுப் பிரசவ வீடியோக்கள் எல்லாம் பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அவற்றில் வருகிற தாய்மார்கள் நிஜமாகவே நன்றாக இருப்பார்கள். நல்லபடியாக முடிந்த பிரசவத்தைத்தானே படம் பிடித்துப் போடுவார்கள்? "எனக்கு இந்தக் கஷாயத்தில் வியாதி தீர்ந்தது" என்று சொல்பவர் விஷயமும் அப்படித்தான். தீராமல் போனவர் வீடியோ போடுவதில்லை. செத்தவர் சாட்சி சொல்ல வருவதில்லை.

அதே 2018-ம் ஆண்டு மே மாதம். கேரளத்தில் கோழிக்கோடு பக்கம் நிபா காய்ச்சல் பரவியது. 17 பேர் இறந்தார்கள். வௌவால் கடித்த பழத்தைத் தின்ன வேண்டாம் என்று சர்க்கார் எச்சரித்தது. அப்போது ஒரு நாட்டு வைத்தியர், வௌவால் கடித்த பழங்கள் என்று சொல்லிச் சிலவற்றைக் காமிரா முன்னால் தின்று காட்டினார். நிபா என்பதே கட்டுக்கதை என்றார். வீடியோ பறந்தது. போலீசார் வழக்குப் போட்டார்கள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மை. எல்லா வௌவாலிடமும் கிருமி இருக்காது என்பதும் உண்மை. ஆனால் அதைப் பார்த்து இன்னொருவர் தின்னும் பழம் எந்தப் பழமோ?

பாதி உண்மை

முழுப் பொய்யைக் கண்டுபிடிப்பது சுலபம். பாதி உண்மைதான் ஆளை விழுங்குகிறது. சர்க்கரை வியாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

சென்னை ஆராய்ச்சி நிலையம் ஒன்று முன்நின்று நடத்தி, 2023-ல் வெளிவந்த கணக்குப்படி, இந்தியாவில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறது. வீடியோ போடுபவருக்கு இதைவிடப் பெரிய சந்தை உண்டா? "சர்க்கரை வியாதி ஒரு வியாதியே இல்லை", "மாத்திரையைத் தூக்கி எறியுங்கள்", "இன்சுலின் போட்டால் அடிமை ஆகிவிடுவீர்கள்" என்று தலைப்புகள் வருகின்றன.

இதில் உண்மை என்ன?

இங்கிலாந்திலும் ஸ்காட்லாந்திலும் ஒரு பரிசோதனை நடந்தது. 2017 டிசம்பரில் முடிவு வெளியாயிற்று. பருமனானவர்கள், வியாதி வந்து 6 வருஷத்துக்கு உட்பட்டவர்கள், இன்சுலின் போடாதவர்கள் - இப்படிப் பொறுக்கி எடுத்தார்கள். 149 பேருக்குச் சில மாதங்கள், நாள் ஒன்றுக்குச் சுமார் 850 கலோரி மட்டும் ஆகாரம். டாக்டர் மேற்பார்வையில் மாத்திரைகளை நிறுத்தினார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு 46 சதவீதம் பேருக்கு, மாத்திரை இல்லாமலே சர்க்கரை கட்டுக்குள் இருந்தது. 15 கிலோவும் அதற்கு மேலும் எடை குறைந்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு!

நல்ல சேதிதான். சந்தேகம் இல்லை. ஆனால் அதில் வெற்றி பெற்றது வெந்தயமும் அல்ல, பட்டைப் பொடியும் அல்ல. எடைக் குறைப்பு. அதுவும் எல்லோருக்கும் அல்ல; பாதிப் பேருக்குக்கூட இல்லை. அடிக்கடி ரத்தத்தைப் பார்த்து, டாக்டர் கையில் பிடித்துக்கொண்டு செய்த காரியம். வீடியோ என்ன செய்கிறது? "மாத்திரை இல்லாமல்" என்ற இரண்டு வார்த்தையை மட்டும் பிய்த்து எடுத்துக்கொள்கிறது.

இன்னொரு வகைச் சர்க்கரை வியாதி இருக்கிறது. பெரும்பாலும் குழந்தைகளுக்கும் இளைஞர்களுக்கும் வருவது. இவர்கள் உடம்பில் இன்சுலின் சுரப்பதே இல்லை. 1922-ம் ஆண்டு ஜனவரியில் கனடாவின் டொரான்டோ நகரில் 14 வயதுப் பையன் ஒருவனுக்கு முதல் இன்சுலின் ஊசி போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த வியாதி வந்த குழந்தைகள் இளைத்து இளைத்துச் சாவதைப் பெற்றோர் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இந்தக் குழந்தையின் தகப்பனார் "இன்சுலின் அடிமைத்தனம்" வீடியோவைப் பார்த்துவிட்டு ஊசியை நிறுத்தினால், சில நாட்களில் ரத்தம் அமிலமாகி உயிருக்கு ஆபத்து வரும். பேசியவர் எந்தச் சர்க்கரை வியாதியைப் பற்றிப் பேசினார் என்பது இவருக்குத் தெரியாது. கேட்பவர் யார் என்பது அவருக்குத் தெரியாது.

"நாட்டு மருந்துதானே!"

"இயற்கை மருந்து, பக்க விளைவே கிடையாது" என்பது வீடியோக்களில் தினமும் கேட்கும் வார்த்தை.

சுரைக்காய் இயற்கைதான். அதன் சாறு சர்க்கரைக்கு நல்லது, இதயத்துக்கு நல்லது என்று வட நாட்டில் ஒரு மோகம் கிளம்பியது. காய் கசந்தாலும், "மருந்து கசக்கத்தானே செய்யும்" என்று குடித்தார்கள். சிலர் ரத்த வாந்தி எடுத்தார்கள், இறந்தவர்களும் உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நிபுணர் குழு போட்டது. கசக்கும் சுரைக்காயில் குக்கர்பிட்டாசின் என்ற விஷப் பொருள் இருக்கிறது; சாறு கசந்தால் குடிக்காதீர்கள்; அதற்கு மாற்று மருந்து கிடையாது என்று அந்தக் குழு சொல்லிற்று. நம் பாட்டிமார், நறுக்கும்போதே நுனியில் ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குழம்பில் போடுவார்கள். வீடியோவில் அந்தப் பாட்டி இல்லை!

சித்த வைத்தியத்தைக் குறை சொல்வதாக நினைக்கக் கூடாது. அதை முறையாகப் படித்துப் பட்டம் வாங்கியவர்கள் இருக்கிறார்கள். நோயாளியைக் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு மருந்து கொடுக்கிறார்கள். முகம் பார்க்காமல், லட்சம் பேருக்கு ஒரே மருந்தைச் சொல்கிறவரை அவர்களோடு சேர்ப்பது அவர்களுக்குத்தான் அவமானம்.

புற்றுநோய் விஷயத்தில் இந்த மோகத்தின் விலை என்ன என்று அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழக டாக்டர்கள் கணக்குப் பார்த்தார்கள். குணமாகக்கூடிய நிலையில் இருந்தும், ஆஸ்பத்திரி சிகிச்சையை விட்டு மாற்று வைத்தியத்தை மட்டும் நம்பிய 281 பேரை எடுத்துக்கொண்டார்கள். முறையான சிகிச்சை பெற்றவர்களைவிட இவர்களுக்குச் சாவு அபாயம் இரண்டரை மடங்கு. மார்பகப் புற்றுநோயில் ஐந்தரை மடங்குக்கு மேல்! பொடியோ கஷாயமோ அவர்களைக் கொன்றது என்பது அல்ல. கட்டி சிறிதாக இருந்த மாதங்கள் வீணாகக் கழிந்துவிட்டன.

டாக்டரே பேசினாலும்...

பேசுகிறவர் நிஜ டாக்டர். சொல்வதும் சரி என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு சிக்கல்.

"தினம் ஒரு இளநீர் குடியுங்கள், கீரை சாப்பிடுங்கள்" என்கிறார். நல்ல யோசனை. ஆனால் கேட்கிறவருக்குச் சிறுநீரகம் பழுது என்றால்? இளநீரில் பொட்டாசியம் என்ற உப்பு அதிகம். பழுதான சிறுநீரகத்தால் அதை வெளியேற்ற முடியாது. ரத்தத்தில் அது ஏறினால் இதயத் துடிப்பே தடுமாறும். அவருடைய ரத்தப் பரிசோதனைச் சீட்டு அவரைப் பார்க்கும் டாக்டரின் மேஜையில் இருக்கிறது. வீடியோ டாக்டரிடம் இல்லை.

இப்போது இதையும் மிஞ்சிய வித்தை வந்துவிட்டது. டாக்டரே பேசாமல் டாக்டர் பேசுவது! இங்கிலாந்தில் டெலிவிஷனில் தோன்றும் பிரபல டாக்டர் ஹிலாரி ஜோன்ஸ். அவருடைய முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் போலியாகச் செய்து, ரத்தக் கொதிப்பு மருந்து விற்றார்கள். 2024 ஜூலையில் அந்த நாட்டு மருத்துவப் பத்திரிகை இதை அம்பலப்படுத்தியது. அந்த ஆண்டு ஜூனில் இறந்துபோன டாக்டர் மைக்கேல் மோஸ்லியின் முகத்தைக்கூட விடவில்லை. முன்பெல்லாம் போலி டாக்டர் வெள்ளைக் கோட்டு மட்டும் திருடுவான். இப்போது முகத்தையே திருடுகிறான்.

தூங்கும் சட்டம்

இதற்கெல்லாம் சட்டம் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. 1954-ம் ஆண்டிலேயே பார்லிமெண்டு சட்டம் போட்டுவிட்டது. மருந்து மற்றும் மாய சிகிச்சை விளம்பரத் தடைச் சட்டம். 54 வியாதிகளின் பட்டியல் அதில் இருக்கிறது. சர்க்கரை, புற்றுநோய், ரத்தக் கொதிப்பு, வலிப்பு, வெண்குஷ்டம், பருமன் எல்லாம் உண்டு. இவற்றைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது. முதல் தடவை 6 மாதம் வரை ஜெயில், அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

விளம்பரம் என்றால் என்ன என்று அந்தச் சட்டம் சொல்வது வேடிக்கையானது. நோட்டீஸ், லேபிள் மட்டும் அல்ல. வாயால் சொல்வது, ஒளியால் காட்டுவது, ஒலியால் பரப்புவது, புகையால் எழுதுவது எல்லாமே விளம்பரம்தான்! ஒளியும் ஒலியும் சேர்ந்தால் வீடியோ. அன்று பட்டியலில் சேர்த்த பெரியம்மை உலகத்தை விட்டே போய்விட்டது. சர்க்கரை வியாதிப் பொடி விளம்பரம் மட்டும் போகவில்லை.

2023 ஆகஸ்டில் மத்திய சர்க்காரின் நுகர்வோர் துறை இன்னொரு வழிமுறை வெளியிட்டது. டாக்டராகவோ ஆரோக்கிய நிபுணராகவோ யோசனை சொல்கிறவர், தம் தகுதியைத் தெரிவிக்க வேண்டும். தகுதி இல்லாதவர், "இது டாக்டர் யோசனைக்குப் பதில் ஆகாது" என்று சொல்ல வேண்டும். அதே மாதம் யூடியூபும், "பூண்டு தின்றால் புற்றுநோய் தீரும்" என்பது போன்ற வீடியோக்களை நீக்குவதாக அறிவித்தது. ஒன்றை நீக்குவதற்குள் ஒன்பது முளைக்கிறது. போலீசும் கம்பெனியும் காப்பாற்றும் என்று காத்திருக்க முடியாது.

நல்லதும் உண்டு

ஆஸ்துமாக்காரர்கள் உபயோகிக்கும் இன்ஹேலரை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். அழுத்துவதும் மூச்சை இழுப்பதும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். பிறகு மூச்சை அடக்கிப் பத்து எண்ண வேண்டும். நாற்பது வருஷ ஆராய்ச்சிகளைத் தொகுத்து 2016-ல் வெளிவந்த கணக்குப்படி, இதைச் சரியாகச் செய்கிறவர்கள் நூற்றுக்கு 31 பேர்தான். மற்றவர்களுக்கு மருந்தில் ஒரு பகுதி தொண்டையோடு நின்றுவிடுகிறது. இதைக் காகிதத்தில் எழுதிப் புரியவைக்க முடியாது. கண்ணால் பார்க்க வேண்டும். இங்கே 3 நிமிஷ வீடியோ, 300 ரூபாய் மருந்தைக் காப்பாற்றும்.

இன்சுலின் ஊசியை எந்தக் கோணத்தில் குத்துவது, குழந்தைக்கு வயிற்றுப்போக்கு என்றால் உப்புச் சர்க்கரைப் பொட்டலத்தை 1 லிட்டர் தண்ணீரில் எப்படிக் கரைப்பது, திடீரென்று சுருண்டு விழுந்தவரின் மார்பை எப்படி அழுத்துவது - இதற்கெல்லாம் வீடியோவைப் போல வாத்தியார் கிடையாது.

இந்த இரண்டு வகைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கவனித்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு வகை, டாக்டர் சொன்னதை ஒழுங்காகச் செய்ய உதவுகிறது. இன்னொரு வகை, டாக்டர் சொன்னதை நிறுத்தச் சொல்கிறது. முதல் வகையில் கொஞ்சம் பிசகு இருந்தாலும் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளலாம். இரண்டாவது வகையில், வீடியோவை அணைத்துவிட்டு டாக்டரிடம்தான் போக வேண்டும். மாத்திரையை நிறுத்துவதானாலும் அவரிடம் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு ஆராய்ச்சியாளர்கள், சிகிச்சை பற்றிய தகவலை எடை போட 16 கேள்விகளை 1999-ல் வெளியிட்டார்கள். அதில் முக்கியமானவை சாதாரண ஜனங்களும் கேட்கக்கூடியவைதான். இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது? எந்த வருஷத்தியது? இந்தச் சிகிச்சையில் என்ன அபாயம்? சிகிச்சையே செய்யாவிட்டால் என்ன ஆகும்? நிச்சயமாகத் தெரியாத விஷயம் ஏதாவது இருப்பதாகப் பேசுகிறவர் ஒப்புக்கொள்கிறாரா? அபாயத்தைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாமல், வீடியோவின் அடியில் டப்பா வாங்க டெலிபோன் நம்பர் மட்டும் இருந்தால், நீங்கள் பார்த்தது வைத்தியம் அல்ல, கடை.

டாக்டர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியிருக்கிறது. "செல்போனைப் பார்த்துவிட்டு வந்தாயா?" என்று நோயாளி மேல் எரிந்து விழுகிறார்கள். எரிந்து விழுந்தால் அடுத்த தடவை அவர் கேட்கமாட்டார். வீட்டுக்குப் போய் அதே வீடியோவைத்தான் போட்டுப் பார்ப்பார். "என்ன பார்த்தீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்க அரை நிமிஷம் போதும்.

நோயாளியும் தயாராகப் போகலாம். வரிசையில் நிற்கிற 2 மணி நேரத்தில், கேட்க வேண்டிய மூன்று கேள்விகளை ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டால், கிடைக்கிற 2 நிமிஷம் வீணாகாது. மருந்துச் சீட்டோடு அதையும் நீட்டலாம். அப்படியும் சந்தேகம் தீராமல் வீட்டுக்கு வந்துவிட்டால், தமிழ்நாட்டில் 104 என்ற டெலிபோன் நம்பர் இருக்கிறது. இரவானாலும் பகலானாலும் கூப்பிடலாம். காசு கிடையாது. எதிர்முனையில் இருப்பவர், "உங்களுக்கு என்ன வயது? வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று திருப்பிக் கேட்பார்.